சிசேரியனில் பிறந்த குழந்தைக்கு ஆஸ்துமா வருமா? கணக்கும் கவனிப்பும்

"சிசேரியன் குழந்தைக்கு வீசிங் வரும்" என்று யாராவது சொன்னால், "நூறில் எத்தனை பேருக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். பயம் பாதி அங்கேயே அடங்கிவிடும்.

2008-இல் 23 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 2015-இல் டென்மார்க்கின் பிறப்புப் பதிவேடுகளிலிருந்து லட்சக்கணக்கான குழந்தைகளின் விவரங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். 2018-இல் இன்னொரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில்தான் வந்து நின்றன: சுகப்பிரசவத்தில் பிறந்த குழந்தைகளைவிட சிசேரியனில் பிறந்தவர்களுக்கு ஆஸ்துமா வாய்ப்பு சுமார் 20 சதவீதம் கூடுதல்.

இந்த 20 சதவீதத்தைத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். நூறு சிசேரியன் குழந்தைகளில் 20 பேருக்கு ஆஸ்துமா வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பில் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது, அவ்வளவுதான். உங்கள் ஊரில் 100 குழந்தைகளில் 10 பேருக்கு ஆஸ்துமா என்று வைத்துக்கொண்டால், சிசேரியனில் பிறந்த 100 பேரில் அது 12 ஆகும். 5 பேர் என்றால் 6. மீதிப் பேருக்குப் பிறந்த விதத்தால் இந்த விஷயத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னும் சில எண்கள். தாய்க்கு ஆஸ்துமா இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு. தந்தைக்கு இருந்தால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கர்ப்பத்திலோ பிறந்த பிறகோ சிகரெட் புகை படும் குழந்தைகளுக்கு அது குறைந்தது 20 சதவீதம் கூடுகிறது. அதாவது வீட்டில் ஒருவர் புகைப்பதை விட்டால், சிசேரியனால் கூடியதாகச் சொல்லப்படும் அளவுக்கு ஓர் ஆபத்து குறைகிறது. அறுவை சிகிச்சையைப் பற்றி மூன்று மாதம் கவலைப்படும் குடும்பங்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

குற்றம் கத்தியுடையதா?

முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. சிசேரியன் செய்துகொள்ளும் தாய்மார்களில் உடல் எடை கூடியவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், குறைமாதத்தில் பிரசவிப்பவர்கள் அதிகம். இவை ஒவ்வொன்றும் தனியாகவே குழந்தையின் ஆஸ்துமா வாய்ப்பைக் கூட்டுபவை. இதைப் பிரித்துப் பார்க்கத்தான் ஸ்வீடனில் ஒரே வீட்டுக் குழந்தைகளை, அதாவது ஒருவர் சிசேரியனிலும் மற்றவர் சுகப்பிரசவத்திலும் பிறந்த உடன்பிறப்புகளை, ஒப்பிட்டார்கள். முன்கூட்டியே நாள் குறித்துச் செய்த சிசேரியனுக்கும் ஆஸ்துமாவுக்கும் இருந்த தொடர்பு அந்த ஒப்பீட்டில் கரைந்துபோனது. அவசரச் சிசேரியனில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. ஆனால் டென்மார்க் பதிவேட்டில், பனிக்குடம் உடையும் முன்பே செய்த சிசேரியனில் வாய்ப்பு சற்றுக் கூடுதலாகவும், உடைந்த பிறகு செய்ததில் சற்றுக் குறைவாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பது தெரிகிறதல்லவா? தொடர்பு இருக்கிறது, ஆனால் சிறியது. அதில் எவ்வளவு பங்கு அறுவை சிகிச்சையுடையது, எவ்வளவு அதற்கான காரணங்களுடையது என்பது தீர்ந்த கேள்வி இல்லை.

உடலுக்குள் என்ன நடக்கலாம் என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு.

முதலாவது, நுரையீரல் நீர். கருவில் இருக்கும்போது குழந்தையின் நுரையீரல் நீரால் நிரம்பியிருக்கும். வலி எடுத்ததும் குழந்தையின் உடலில் அட்ரினலினும் கார்டிசோலும் ஏறுகின்றன. அதுவரை நீரைச் சுரந்துகொண்டிருந்த நுரையீரல் செல்கள், சோடியம் வழித்தடங்களைத் திறந்து அதே நீரை உறிஞ்ச ஆரம்பிக்கின்றன. வலியே எடுக்காமல் வெளியே எடுக்கப்படும் குழந்தைக்கு இந்த ஏற்பாடு அரைகுறையாக நிற்கிறது. அதனால்தான் சில குழந்தைகள் முதல் ஓரிரு நாட்கள் வேகமாக மூச்சு விடுகின்றன. பெரும்பாலும் மூன்று நாட்களுக்குள் சரியாகிவிடும்.

இரண்டாவது, குடல் நுண்ணுயிர்கள். 2019-இல் பிரிட்டனில் சுமார் 600 குழந்தைகளின் மலத்தைப் பரிசோதித்த ஆய்வில், சிசேரியன் குழந்தைகளிடம் பாக்டீராய்டிஸ் வகை நுண்ணுயிர்கள் மிகக் குறைவாகவும், மருத்துவமனைச் சூழலில் வாழும் என்டரோகாக்கஸ், கிளெப்சியெல்லா போன்றவை அதிகமாகவும் இருந்தன. தாயிடமிருந்து வரும் நல்ல நுண்ணுயிர்கள் பிறப்புறுப்பிலிருந்து வருபவை என்றுதான் பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவை பெரும்பாலும் தாயின் குடலிலிருந்து வருபவை என்று அந்த ஆய்வு காட்டியது. இந்த விவரம் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

பெற்றோருக்கு இதில் மிகவும் உபயோகமானது 2020-இல் டென்மார்க்கில் 700 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு. சிசேரியனில் பிறந்து, ஒரு வயதிலும் குடல் நுண்ணுயிர்கள் அதே 'சிசேரியன் சாயலில்' தங்கிவிட்ட குழந்தைகளுக்கு 6 வயதில் ஆஸ்துமா வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. அதே சிசேரியனில் பிறந்து, ஒரு வயதுக்குள் குடல் வழக்கமான முதிர்ச்சிக்கு வந்துவிட்டவர்களுக்கு வாய்ப்பு கூடவில்லை. ஒரே ஆய்வுதான், உண்மை. ஆனாலும் கவனம் பிரசவ அறையிலிருந்து முதல் ஆண்டுக்கு நகர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இப்போதைக்கு இல்லை.

பிரசவத்துக்கு முன்

மருத்துவக் காரணத்தோடு சிசேரியன் சொல்லப்பட்டால், ஆஸ்துமாவுக்குப் பயந்து மறுக்காதீர்கள். நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மறைத்துக் கிடக்கும்போதும் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கும்போதும், நூறில் ஒன்றிரண்டு என்ற கணக்கை எடுத்து வைத்துப் பேச இடமில்லை. காரணம் ஏதும் இல்லாமல், நாளும் நேரமும் பார்த்துச் செய்துகொள்வதாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கை மேசைமேல் வையுங்கள்.

நாள் குறிக்கும்போது கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: "39 வாரம் முடிந்த பிறகு செய்யலாமா?" 2008-இல் வெளியான டேனிஷ் ஆய்வின்படி, சுகப்பிரசவத்துக்கு எனக் காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டால், திட்டமிட்ட சிசேரியனில் பிறந்த குழந்தைகளுக்கு மூச்சுத் தொல்லை வரும் வாய்ப்பு 37 வாரத்தில் சுமார் 4 மடங்கு, 38-இல் 3 மடங்கு, 39-இல் 2 மடங்கு. ஒரே வாரம் தள்ளிப் போட்டாலே இவ்வளவு குறைகிறது. வாரக் கணக்கை முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேனை வைத்து உறுதி செய்யுங்கள். கடைசி மாதவிடாய்த் தேதி தப்பாக நினைவில் இருந்தால், 38 என்று நினைப்பது 37-ஆக இருக்கக்கூடும். இரத்த அழுத்தம், குழந்தையின் வளர்ச்சிக் குறைவு போன்ற காரணங்களால் முன்னதாகவே எடுக்க வேண்டியிருந்தால் அது வேறு விஷயம்.

தாய்க்கு ஆஸ்துமா இருந்தால் கர்ப்பத்தில் இன்ஹேலரை நிறுத்தவே கூடாது. கட்டுப்படாத ஆஸ்துமாதான் குழந்தைக்குக் கெடுதல்; மருந்தால் வரும் கெடுதல் அதோடு ஒப்பிடும் அளவுக்கு இல்லை. அலர்ஜி வராமல் தடுக்கிறேன் என்று முட்டை, பால், கடலையைத் தாய் ஒதுக்கி வைப்பதும் வேண்டாம். அதனால் குழந்தைக்கு ஆஸ்துமா குறைவதில்லை.

அறுவை அரங்கில்

தோலைக் கீறும் முன் ஒரு மணி நேரத்துக்குள் தாய்க்கு ஒரு டோஸ் ஆன்டிபயாட்டிக் போடுவார்கள். அது கொடி வழியாகக் குழந்தைக்கும் கொஞ்சம் போகும் என்பது நிஜம். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கர்ப்பப்பைத் தொற்றையும் தையல் சீழ்பிடிப்பதையும் தடுப்பது அந்த ஒரு ஊசிதான்.

முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்தால் தாய் விழித்திருப்பார். அப்படியானால் குழந்தையை அரங்கிலேயே நெஞ்சில் போடச் சொல்லி முன்கூட்டியே பேசி வையுங்கள். அன்றைக்குக் கேட்டால் நடக்காது, ஏனெனில் சில ஏற்பாடுகள் முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஈசிஜி ஒட்டிகளை மார்பின் நடுவில் ஒட்டாமல் பக்கவாட்டில் ஒட்ட வேண்டும். சொட்டு மருந்து ஊசியைத் தாய் அதிகம் பயன்படுத்தாத கையில் போட்டால் மற்றக் கை குழந்தையைப் பிடிக்கத் தோதாக இருக்கும். குழந்தையைத் திரைக்கு மேல்பக்கம், மார்பில் குறுக்காகக் கிடத்தி, தலைக்குத் தொப்பி போட்டு, முதுகை உலர்ந்த துணியால் மூட வேண்டும். மூக்கு அழுந்தாமல் முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். தாயால் முடியாதபோது தந்தையின் வெறும் மார்பும் அதே வேலையைச் செய்யும். இது ஆஸ்துமாவைத் தடுக்கும் என்று நிரூபணம் இல்லை. பால் குடிக்க ஆரம்பிப்பதை இது எளிதாக்குகிறது, அதற்காகத்தான் இவ்வளவு விவரம்.

முதல் வாரம்: தாய்ப்பால்

தாய்ப்பாலில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்க முடியாது. அவை பிஃபிடோபாக்டீரியம் போன்ற நுண்ணுயிர்களுக்கான தீனி. சிசேரியனால் விட்டுப்போன குடல் நுண்ணுயிர்களை மீட்கக் கையில் இருக்கும் மிகப் பாதுகாப்பான வழி இதுதான். சிக்கல் என்னவென்றால், சிசேரியனுக்குப் பிறகு பால் சுரப்பு ஒரு நாள் வரை தள்ளிப்போகலாம். அந்த இடைவெளியில்தான் பவுடர் பால் நுழைகிறது. நுழைந்தால் பலருக்கு அதுவே நிரந்தரமாகிவிடுகிறது.

முதல் 24 மணி நேரத்தில் ஒரு வேளைக்குக் குழந்தைக்குத் தேவைப்படுவது 2 முதல் 10 மில்லி சீம்பால்தான். மார்பு நிறையவில்லையே என்று பதறத் தேவையில்லை. குழந்தை உறிஞ்சாவிட்டால் கையால் பிழிந்து கொடுங்கள்:

1. கையைக் கழுவி, மார்பை ஒரு நிமிடம் மெதுவாகத் தடவி விடுங்கள்.
2. காம்பின் அடியிலிருந்து 2–3 செ.மீ. பின்னால், மேலே கட்டைவிரலும் கீழே மற்ற விரல்களும் வையுங்கள்.
3. முதலில் விலா எலும்பை நோக்கிப் பின்னால் அழுத்துங்கள், பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி நெருக்குங்கள், விடுங்கள். தோலின் மேல் விரலைத் தேய்க்கக் கூடாது, காம்பை இழுக்கவும் கூடாது.
4. துளி வர ஓரிரு நிமிடம் ஆகும். சுத்தமான கரண்டியிலோ 2 மில்லி சிரிஞ்சிலோ பிடித்து, கன்னத்தின் உட்பக்கம் சொட்டு சொட்டாக விடுங்கள்.
5. ஓட்டம் நின்றால் விரல்களைச் சுற்றி நகர்த்தி வேறு இடத்தில் அழுத்துங்கள்.

தையல் வலிக்காத நிலைகள் இரண்டு. ஒன்று, பக்கவாட்டில் படுத்தபடி. மற்றொன்று, குழந்தையின் உடலைத் தாயின் கைக்கு அடியில், கால் பின்னால் போகும்படி இடுக்கிக்கொண்டு. இரண்டிலும் குழந்தையின் எடை வயிற்றில் விழாது. ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை கொடுங்கள்.

போதுமா என்று அறிய ஈரத் துணிகளை எண்ணுங்கள்: முதல் நாள் 1, இரண்டாம் நாள் 2, ஐந்தாறு நாளில் 6-க்கு மேல். பிறப்பெடையில் 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினாலோ, இரத்தச் சர்க்கரை குறைந்தாலோ, சிறுநீர் நின்றாலோ மருத்துவர் சொல்லும் அளவுக்குப் பவுடர் பால் கொடுக்கத்தான் வேண்டும். அதில் குற்ற உணர்வு எதற்கு? கொடுக்கும் ஒவ்வொரு முறையும் மார்பிலிருந்தும் பாலை எடுத்துக்கொண்டே இருந்தால் சுரப்பு வற்றாது. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற உணவோடு சேர்த்து 2 வயது வரையும் அதற்கு மேலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

முதல் ஆண்டில் ஆன்டிபயாட்டிக்

2018-இல் சுமார் 7.9 லட்சம் அமெரிக்கக் குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தபோது, முதல் 6 மாதத்தில் ஆன்டிபயாட்டிக்கோ வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்தோ பெற்றவர்களுக்குப் பின்னாளில் ஆஸ்துமா கூடுதலாக இருந்தது. இதிலும் ஒரு பொறி உண்டு. ஆஸ்துமா வரப்போகும் குழந்தைக்கு முதலிலிருந்தே இருமலும் வீசிங்கும் இருக்கும்; அதற்கே ஆன்டிபயாட்டிக் எழுதியிருப்பார்கள். எது காரணம், எது விளைவு என்று இங்கே எளிதில் பிரிக்க முடியாது. இருந்தாலும் தேவையில்லாததைத் தவிர்ப்பதால் நஷ்டம் எதுவும் இல்லை.

சளி, மூக்கொழுகல், சாதாரண இருமல் எல்லாம் வைரஸ் வேலை. ஆன்டிபயாட்டிக் அவற்றைத் தொடாது. சீட்டில் எழுதியிருந்தால், "எந்தத் தொற்று என்று சந்தேகப்படுகிறீர்கள்? இரண்டு நாள் பொறுத்துப் பார்க்க வழி உண்டா?" என்று கேளுங்கள். பால் குடித்ததும் கொஞ்சம் கக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அமில மருந்து தேவைப்படுவதில்லை. முக்கியமான விதிவிலக்கு: 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் என்றால் பேரம் பேசாமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள், அங்கே ஆன்டிபயாட்டிக் உயிர் காக்கும்.

செய்யக் கூடாதவை

பிறப்புறுப்புத் திரவத்தைத் துணியில் நனைத்துக் குழந்தையின் வாயிலும் முகத்திலும் தடவும் முறை சில ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. 2016-இல் வெளியான முதல் ஆய்வில் அப்படித் தடவப்பட்டவர்கள் 4 குழந்தைகள்தான். ஆராய்ச்சிக்கு வெளியே இதைச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2017-இல் சொல்லிவிட்டது. ஹெர்பிஸ், குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற தொற்றுக் கிருமிகள் தாய்க்கு அறிகுறியே இல்லாமல் இருக்கலாம். குழந்தைக்குப் போனால் ஆபத்து. முன்பு சொன்ன விவரத்தையும் இங்கே சேர்த்துப் பாருங்கள்: தேவையான நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை அந்தத் திரவத்தில் இல்லவே இல்லை. தாயின் மலத்திலிருந்து பரிசோதித்துக் கொடுக்கும் முறையை 2020-இல் ஃபின்லாந்தில் 7 குழந்தைகளிடம், கடுமையான கண்காணிப்பில் முயன்றார்கள். வீட்டில் நினைத்தே பார்க்கக் கூடாத காரியம் அது.

புரோபயாட்டிக் (நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிய) சொட்டுகள் ஆஸ்துமாவைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு அவை இரத்தத் தொற்றை உண்டாக்கலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023-இல் எச்சரித்தது. மருத்துவர் சொல்லாமல் வாங்காதீர்கள்.

புகை, வைரஸ்

புகைப்பதை வாசலுக்கு மாற்றினால் போதாது. சட்டையிலும் முடியிலும் ஒட்டி உள்ளே வரும். முழுதாக விடுவதுதான் வழி. கொசுவர்த்தி, சாம்பிராணி, விறகுப் புகையும் குழந்தையின் மூச்சுக்குழாயை உறுத்தும்.

குழந்தைகளுக்கு முதல் வீசிங்கைக் கொண்டுவருவது பெரும்பாலும் ஆர்எஸ்வி (மூச்சுப்பாதையைத் தாக்கும் ஒரு வைரஸ்) அல்லது சளியைக் கொண்டுவரும் ரைனோ வைரஸ்தான். ஆர்எஸ்விக்கு எதிராகக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய்க்குப் போடும் தடுப்பூசியும், பிறந்த குழந்தைக்கு நேரடியாகப் போடும் நிர்செவிமாப் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் பல நாடுகளில் வந்துவிட்டன. கடுமையான தொற்றை இவை குறைக்கின்றன. கிடைக்கிறதா என்று கேளுங்கள். சளி பிடித்தவர்கள் முதல் மூன்று மாதம் குழந்தையைத் தூக்காமல் இருப்பது இதைவிட எளிது.

மூச்சை எண்ணுவது, வீசிங்கை அடையாளம் காண்பது

குழந்தை தூங்கும்போது அல்லது அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி வயிற்றைப் பாருங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகும், ஏனெனில் கைக்குழந்தைகள் சில விநாடி நிறுத்தி நிறுத்தித்தான் மூச்சு விடும். 2 மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 11 மாதம் வரை 50 அல்லது மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது மேல் என்றால் வேகமான மூச்சு. அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சை இழுக்கும்போது விலாவுக்கு அடியில் பள்ளம் விழுவது, பால் குடிக்க முடியாமல் திணறுவது, உதடு நீலம் பாய்வது, எழுப்பினாலும் மயங்கிக் கிடப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கொண்டு உட்காராமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

நெஞ்சில் கேட்கும் எல்லாச் சத்தமும் வீசிங் இல்லை. மூச்சை வெளியே விடும்போது விசில் போல மெல்லியதாகக் கேட்பதுதான் வீசிங். உள்ளே இழுக்கும்போது கரகரவென்று கேட்டால் அது தொண்டைப் பகுதிப் பிரச்சினை. மூக்கடைப்பின் 'கொர்' சத்தம், உப்புநீர்ச் சொட்டு விட்டதும் குறையும். சத்தம் வரும்போது சட்டையைக் கழற்றிவிட்டு அரை நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் போய்ச் சேரும்போது சத்தம் நின்றுபோயிருக்கும், வீடியோதான் பேசும்.

ஒரு நோட்டில் தேதி, சளி இருந்ததா, இரவு இருமலா, ஓடினால் அல்லது சிரித்தால் இருமுகிறதா, என்ன மருந்துக்கு எத்தனை நேரத்தில் அடங்கியது என்று எழுதுங்கள். ஓராண்டில் நான்கு முறையோ அதற்கு மேலோ வீசிங், கூடவே பெற்றோருக்கு ஆஸ்துமா அல்லது குழந்தைக்குக் கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் நோய்) இருந்தால், அது ஆஸ்துமாவாக நிலைக்கும் வாய்ப்பு அதிகம்.

இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் பயப்படாதீர்கள். அது பழக்கமாகிவிடும் என்பது வெறும் பேச்சு. மருந்து வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் போடும் விதம்தான். சின்னக் குழந்தைக்கு மாஸ்க் வைத்த ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் முகத்துக்கும் நடுவே பொருத்தும் குழாய்) கட்டாயம். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் செருகுங்கள். மாஸ்க் மூக்கையும் வாயையும் சேர்த்து இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். ஒரே ஒரு முறை அழுத்துங்கள். குழந்தை 5 அல்லது 6 மூச்சு விடும்வரை மாஸ்க்கை எடுக்காதீர்கள். இரண்டாவது அழுத்தலுக்கு அரை நிமிடம் பொறுத்து, மறுபடி குலுக்கிவிட்டுத் தொடங்குங்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மருந்து ஸ்பேசர் சுவரில்தான் ஒட்டும். வீறிட்டு அழும்போது மருந்து நுரையீரலுக்குப் போகாமல் தொண்டையிலேயே தங்கிவிடும், சமாதானப்படுத்திவிட்டுப் போடுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் பிறகு முகத்தைத் துடைத்து, வாயில் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். பிளாஸ்டிக் ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, துடைக்காமல் காற்றில் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனைக்கு 5 அல்லது 6 வயதுக் குழந்தைதான் ஒத்துழைக்கும். அதுவரை மருத்துவர் நம்பியிருப்பது உங்கள் நோட்டையும் வீடியோவையும்தான். பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டையும் அதோடு வைத்திருங்கள்: எத்தனையாவது வாரம், சிசேரியன் எதனால், வலி எடுத்த பிறகா முன்பா, குழந்தை என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருந்ததா, என்னென்ன ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள் என்பவை அதில் இருக்கும்.